விடியுமுன் வடித்த சோறு

மதுரைத் தெருச் சாப்பாட்டைப் புகழ வருகிறவர்கள் பொழுது சாயும்வரை காத்திருக்கிறார்கள். கறிதோசை, முட்டைப் பரோட்டா, நடுராத்திரி இட்லி, குடல் குழம்பு என்று அவர்கள் எழுதுவதும் படம் எடுப்பதும் விளக்கு வைத்த பிறகுதான். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு அது பொருத்தம்தான். ஆனால் இந்த ஊரின் ஆகச் சிறந்த சமையல் அறிவு வேலை செய்வது உச்சி வெயிலில்தான் என்பது என் எண்ணம். பதினொன்றரை மணிக்கும் இரண்டரை மணிக்கும் நடுவே, சக்கரம் வைத்த கடைகளில் அது நடக்கிறது. அதைப் பற்றி யாரும் வாயூறப் பேசுவதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இரவுக் கடைக்காரர் நம் கண்முன்னே சமைக்கிறார். கல் காய்கிறது, மாவு விழுகிறது, ஆவி அடங்குமுன் இலைக்கு வந்துவிடுகிறது. உப்புக் குறைந்தால் அங்கேயே தூவிக்கொள்ளலாம். மதிய வண்டிக்கு அந்த வசதி இல்லை. காலை நாலு மணிக்கு உலை வைத்து, ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கி, ஆறவைத்து, அண்டாவிலும் தூக்குவாளியிலும் அடைத்து, பத்தரைக்கு வண்டி ஏற்றி, பதினொன்றரைக்குக் கடை விரித்து, ஒரு மணிக்கு நம் தட்டில் போடுகிறார்கள். இடைப்பட்ட அத்தனை நேரத்தில் சோறு என்ன ஆகும், தயிர் எவ்வளவு புளிக்கும், புளி எவ்வளவு ஊறும், மதுரை வெயில் அண்டாவின் மூடிமேல் என்ன வேலை காட்டும் என்றெல்லாம் விடியுமுன்னே கணித்து உப்பும் காரமும் போட்டாகவேண்டும். ஒரு மணிக்குப் பசிக்கப்போகிறவரை நாலு மணிக்கே மனத்தில் வைத்துச் சமைத்த சோறு இது. வண்டிச் சாப்பாட்டில் நான் நாவால் தேடுவது இந்த முன்யோசனையைத்தான்.

வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே யாருக்காகச் சமைத்தது என்று தெரிந்துவிடும். அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு முன்னால் பனகல் சாலையில் நிற்பவை, நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவர்களுக்கானவை. மாவட்ட நீதிமன்றத்தையும் ஆட்சியர் அலுவலகத்தையும் ஒட்டி நிற்பவை வாய்தாவுக்கு வந்தவர்களுக்கும் மனுக் கொடுக்க வந்தவர்களுக்கும். மாட்டுத்தாவணியில் ஓட்டுநர்களும் லோடுமேன்களும் சாப்பிடுகிறார்கள். காளவாசலிலிருந்து பழங்காநத்தம் பக்கம் போகும் பைபாஸ் சாலையில் கடைச் சிப்பந்திகள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள். 2004இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு ஒத்தக்கடைப் பக்கத்து மேலூர்ச் சாலையிலும் மதிய நேரத்துக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அரைமணி நேரத்தில் சாப்பிட்டுத் திரும்ப வேண்டியவர்கள் எல்லாரும். வயிறு நிறையவேண்டும், மதியம் கண்ணைச் சொருகக் கூடாது, கையில் இருக்கும் காசுக்குள் முடியவேண்டும். இந்த மூன்றையும் ஒரு கரண்டியில் அடக்குவது சின்ன வேலை இல்லை.

வண்டிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மாருதி ஆம்னி 1984இல் சந்தைக்கு வந்தது. 2019இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. குடும்பங்கள் விற்றுவிட்ட அந்தப் பழைய ஆம்னிகளுக்கு மதுரையில் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. அதன் பின்கதவு மேல்நோக்கித் திறப்பது. திறந்து நிறுத்தினால் பரிமாறுகிறவர் தலைக்கு நிழல் வந்துவிடும். அதன் ஓரத்தில் கயிறு கோத்து ஒரு தார்ப்பாய்த் துண்டை இழுத்துக் கட்டினால் நாலைந்து பேர் நின்று சாப்பிடலாம். பின் இருக்கையைக் கழற்றிவிட்ட தளத்தில் அண்டாவை ஏற்றி வைத்தால், கரண்டி பிடித்த கை இயல்பாக வளையும் உயரத்துக்கு அதன் வாய் வந்து நிற்கிறது. நூறு பேருக்குப் போட்டாலும் இடுப்புக் குனிய வேண்டாம். பக்கக் கதவு இழுத்துத் திறப்பது என்பதால் தண்ணீர்க் கேனும் எச்சில் தட்டுப் போடும் டப்பாவும் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. பரிமாறும் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இதையெல்லாம் எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுக்கவில்லை. நின்று சமைத்துப் பழகிய பெண்கள் கண்டுபிடித்த ஒழுங்கு.

2005இல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டியானை, கொஞ்சம் வசதி கூடியவர்களின் வண்டி. பின்தட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ஆள் நிற்கலாம். இந்த இரண்டையும்விட எனக்கு மனசுக்கு நெருக்கமானது டி.வி.எஸ். மொபெட்தான். 1911இல் மதுரையில் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழியில், 1980இல் ஓசூரில் பிறந்த வண்டி அது. இருக்கைக்கு இருபுறமும் எவர்சில்வர் டிரம், முன்பக்கத் தளத்தில் தட்டுகளும் ஊறுகாய் வாளியும், கைப்பிடியில் தொங்கும் குழம்புத் தூக்கு. ஒரு முழுச் சாப்பாட்டுக் கடை ஒரே உதையில் கிளம்பிவிடுகிறது.

இனி சோற்றுக்கு வருகிறேன். மதுரை மதிய வண்டியின் ஆதாரம் கலவைச் சாதம்: தக்காளி, எலுமிச்சை, புளி, தயிர். நான்கையும் ஒரே கையில் நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் நான்கும் காலத்தை நான்கு விதமாகத் தாங்குபவை.

தயிர்சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் தயிரை ஊற்றிப் பிசைந்து வைத்தால் மதியம் வாயில் வைக்க முடியாது. புளித்துக் கெட்டிப்பட்டுப் பல்லைக் கூசவைக்கும். தெரிந்தவர்கள் சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டித் தயிரை மட்டும் கலந்து மூடிவைக்கிறார்கள். ஆறு மணிக்கு அது பால்சோறு. மதுரைச் சூட்டில் மெல்ல மெல்ல உறைந்து, பன்னிரண்டரை மணிக்கு மேல்தான் தயிர்சாதம் ஆகிறது. பன்னிரண்டு மணிக்கு ஒரு வாயும் ஒன்றரை மணிக்கு ஒரு வாயும் சாப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. முதலில் இனிப்பு தூக்கலாக இருக்கும். பிறகு புளிப்பு மெல்லத் தலைகாட்டும். எனக்கு ஒரு மணிதான் சரியான நேரம், இனிப்பு இன்னும் போகாமல் புளிப்பும் வந்து சேர்ந்த அந்த இடம். மாதுளை முத்தும் திராட்சையும் போட்டு அலங்கரிப்பதைக் கல்யாண மண்டபத்தோடு விட்டுவிடலாம். வண்டித் தயிர்சாதத்துக்குப் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும் இஞ்சியும், கிளிமூக்கு மாங்காய் கிடைக்கும் காலத்தில் அதில் நாலு துணுக்கும் போதும்.

எலுமிச்சைச் சாதத்தின் சூட்சுமம் அடுப்பை அணைப்பதில் இருக்கிறது. தாளித்த எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும்போது சாற்றை ஊற்றினால் கசக்கும். அணைத்து, மஞ்சள்தூள் வாசம் அடங்கியபின் ஊற்றவேண்டும். அப்போதுதான் மதியம்வரை அந்தச் சாறு பழத்தின் வாசனையோடு நிற்கும். நிலக்கடலையைச் சோற்றோடு சேர்த்துக் கிளறிவிட்டால் ஒரு மணிக்குள் நமுத்துப்போகும் என்பதால், வறுத்த கடலையைத் தனி டப்பாவில் வைத்திருந்து தட்டில் போடும்போது மேலே தூவுகிற கடைகள் உண்டு. பல்லில் பட்டதும் கடலை உடையும் அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே ஒரு டப்பாவைச் சுமந்துவருகிறவரின் கையை வணங்கத் தோன்றுகிறது.

தக்காளிச் சாதத்தில் மதுரைக்குத் தனிக்கை உண்டு. திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றிய தெருக்களில் தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிர வீடுகளின் பக்குவம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. பட்டை, கிராம்பு, புதினா எல்லாம் இருக்கும், ஆனால் எதுவும் தக்காளியை மீறாது. தக்காளி எண்ணெய் பிரிந்து, சிவப்பு கறுக்கத் தொடங்கும் எல்லைவரை வதங்கவேண்டும். அந்த நீர் வற்றாமல் அரிசியைப் போட்டால் மதியத்துக்குள் சோறு நசநசத்துவிடும். சரியாக வதக்கியதில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே, தொட்டால் லேசாக எண்ணெய்ப் பசையோடு நிற்கும். தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடியைவிடக் கெட்டியாக அரைத்த தேங்காய்த் துவையல்தான் இதற்குப் பொருந்துகிறது.

புளிசாதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கலவைச் சாத வண்டிக்கு அடுத்து, வெள்ளைச் சோறும் குழம்பும் கொண்டுவரும் ஆம்னிகள். இங்கே கவனிக்கவேண்டியது மீன் குழம்பு. மதுரைக்குக் கடல் இல்லை, கண்மாய் உண்டு. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே கூடி இறங்கி மீன் பிடிப்பது இன்றும் நடக்கிற திருவிழா. கெண்டை, விரால், ஜிலேபி எல்லாம் அந்த நீரின் மீன்கள். அயிரை விலை உயர்ந்துபோய் மெஸ்களுக்குள் போய்விட்டது. வண்டிக்கு வருவது பெரும்பாலும் ஜிலேபியும் கட்லாவும். நன்னீர் மீனுக்கு ஒரு மண்வாசம் உண்டு. அதை மறைக்க மசாலாவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. நல்ல கை புளியைக் கொஞ்சம் கூட்டி, பூண்டை உரிக்காமல் நசுக்கிப்போட்டு, இறக்கும்போது வெந்தயப்பொடியைத் தூவி, காலையிலேயே செய்து மூடிவிடும். ஐந்தாறு மணி நேரத்தில் புளியும் உப்பும் மீனின் சதைக்குள் இறங்கி, மண்வாசம் போய், குழம்பின் மேல் செந்நிற எண்ணெய் ஓர் இழையாகக் கட்டி நிற்கும். சூடாக இறக்கிய மீன் குழம்பை வீட்டில் சாப்பிடுகிறவர்கள் அவசரக்காரர்கள் என்றே சொல்வேன். பரிமாறுகிற அக்கா கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காமல், மேலாக ஒதுக்கி மீனை உடையாமல் எடுத்து, பிறகு அந்த எண்ணெய் இழையில் பாதியைச் சோற்றின்மேல் விடுகிற நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். “தலை வேணுமாண்ணே, நடுத்துண்டு வேணுமா?” என்று கேட்பார். தலை கேட்கிறவருக்குக் குழம்பு கொஞ்சம் கூடுதலாக விழும்.

இந்தச் சோறு வரும் வழியையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1895இல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே பாயும் நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியபின்தான் வாடிப்பட்டி, மேலூர் வயல்கள் நம்பி நெல் போடுகிற வயல்கள் ஆயின. அந்தப் பாசனத்துக்கு வெளியே, தெற்கிலும் மேற்கிலும், திருமங்கலம், பேரையூர், தே.கல்லுப்பட்டி என்று கரிசலும் மானாவாரியும் விரிகின்றன. அங்கே கம்பு, சோளம், குதிரைவாலி. மதுரையில் மதியம் ஒரே மரத்தடியில் சோற்று வண்டியும் கூழ் வண்டியும் அருகருகே நிற்பதைப் பார்த்தால், நஞ்சையும் புஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றும்.

கூழ் வண்டி எல்லா வண்டிகளுக்கும் மூத்தது. அதன் காலக்கணக்கும் நீளமானது. கம்பை நீர் தெளித்துப் பிசறி, குத்தி, உமி போகப் புடைத்து, கொரகொரப்பாக உடைத்துக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைக்கவேண்டும். மறுநாள் காய்ச்சி, ஆறியபின் உருண்டை பிடித்து நீரில் போட்டுவைக்கவேண்டும். அதற்கும் அடுத்த நாள் மதியம் மோரில் கரைத்து நம் கைக்கு வருகிறது. ஒரு சொம்புக் கூழுக்குப் பின்னால் இரண்டு இரவுகள் இருக்கின்றன. அதனால்தான் அதன் புளிப்பு தயிரின் புளிப்பாகவோ எலுமிச்சையின் புளிப்பாகவோ இருப்பதில்லை. தானியத்துக்குள்ளிருந்து வருகிற, தாழ்ந்த குரலில் பேசுகிற புளிப்பு அது. தொண்டையைத் தாண்டியபின்தான் தெரியும்.

கரைப்பதைக் கவனியுங்கள். உருண்டையை முழுவதும் கரைத்துவிட்டால் கஞ்சியாகிவிடும். நல்ல கூழ்க்காரர் உள்ளங்கையால் அழுத்தி, மூன்று பங்கைக் கரைத்து ஒரு பங்கைச் சிறு கட்டிகளாக விட்டுவைப்பார். குடிக்கும்போது அவ்வப்போது ஒரு கட்டி நாவில் தட்டுப்பட்டு மென்று விழுங்க வைக்கும். குடிப்பதும் தின்பதும் ஒரே சொம்பில் நடக்கும். மேலே நறுக்கிய சின்ன வெங்காயம். அதை அரிவாள்மனையில் அப்போதைக்கு அப்போது அரிகிற கடையைத் தேடிப் போங்கள். காலையில் அரிந்த வெங்காயம் வெயிலில் கசந்துபோகும். வண்டியில் காத்திருக்கக் கூடாத பொருள் இது ஒன்றுதான், கூழ்க்காரர்களுக்கு அது தெரியும்.

கூழைச் சுற்றி வைத்திருக்கும் தட்டுகளில்தான் மதுரைச் சமவெளியின் முழு வரைபடமும் இருக்கிறது. மோர் மிளகாய், சுண்டவத்தல், கொத்தவரங்காய் வத்தல், வெங்காய வடகம், காணத் துவையல், வறுத்த நெத்திலி, கீறி மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய். இவற்றில் எனக்கு உயிரானது மிதுக்கு வத்தல். கரிசல்காட்டில் யாரும் விதைக்காமல் படரும் கொடியின் சின்னக் காய். கீறி, உப்புநீரில் போட்டு, காயவைத்து, எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். முதலில் உப்பு, உடனே ஒரு மெல்லிய கசப்பு, கடைசியில் விதை நொறுங்கும்போது ஓர் எண்ணெய் வாசம். அந்தக் கசப்புக்கு மேல் ஒரு வாய்க் கூழை விட்டால், சர்க்கரை சேர்க்காத கூழ் இனிக்கிறது. இந்த இனிப்புக்காகத்தான் கசப்பை வைத்திருக்கிறார்கள். மழைக்குப்பின் அதலைக்காய் வரும் நாட்களில் அதை வதக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. கண்டால் விடாதீர்கள், சில வாரங்கள்தான் கிடைக்கும்.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது பெரிய ஓட்டல்களில் கம்பு தோசையும் குதிரைவாலிப் பொங்கலும் ஏறின. நல்லதுதான். அதற்கெல்லாம் முன்பிருந்தே, அரிசி வாங்க வசதி வந்த பிறகும் கம்பை விடாமல் நாவில் காத்தவர்கள் இந்த வண்டிக்காரர்கள். அந்த மரியாதை அவர்களுக்கு வந்து சேரவேண்டும்.

பிரியாணி வண்டியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் ஒன்றிரண்டு மட்டும். சீரகச் சம்பா அரிசியின் அருமை அதன் வாசனையில் என்பார்கள். வண்டிக்கு அது அருமையாவது அதன் உருவத்தால். சின்னப் பருக்கை, உடையாது, மூடிய அண்டாவின் சூட்டில் நேரம் ஆக ஆகக் குழைந்துபோகாமல் கறிச்சாற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். பரிமாறுகிறவர் கரண்டி எடுப்பதில்லை. சின்னத் தட்டை அண்டாவின் ஓரமாகச் செங்குத்தாக இறக்கி, அடிவரை போய், ஒரே இழுப்பில் மேலே கொண்டுவருவார். அடியின் மசாலா, நடுவின் கறி, மேலின் வெள்ளைப் பருக்கை எல்லாம் ஒரே தட்டில் விழும். தொட்டுக்கொள்ளத் தால்ச்சா கொடுக்கிற வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். பருப்பில் கத்திரிக்காயும் எலும்பும் வெந்த அந்தக் குழம்பும் காத்திருந்து ருசி கூடுகிற இனம். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், மோமோ வண்டிகளும் இப்போது பைபாஸ் பக்கம் நிற்கின்றன; இளைஞர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அவற்றை ரசிக்கும் நாக்கு எனக்கு வாய்க்கவில்லை.

இலையைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபின், பார்சலுக்கு வாழையிலை மறுபடி உரிமையோடு வந்தது. சோழவந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் இலையைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். தக்காளிச் சாதத்தை அதில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி, நூலால் இரண்டு சுற்றுக் கட்டினால், மருத்துவமனை மாடிக்கு எடுத்துப்போய்ப் பிரிக்கும்போது வேறொரு வாசனை சேர்ந்திருக்கும். துணைக்கு இருக்கிறவர் அந்த வாசனையை வீட்டு வாசனை என்று நினைத்துக்கொள்கிறார்; மதியத்துக்கு அந்த ஆறுதலும் வேண்டியிருக்கிறது.

வெளியூர்களிலும் வண்டிச் சோறு உண்டு. 2008இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கொரியக் கறியை மெக்சிகோ டாக்கோவில் வைத்து விற்ற கோகி என்ற வண்டி, இன்று எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று ட்விட்டரில் அறிவித்துக் கூட்டம் சேர்த்தது. இலங்கையில் ரொட்டியும் பணிசும் ஏற்றிவரும் சூன்பாண் முச்சக்கரவண்டி பீத்தோவனின் மெட்டை ஒலிபெருக்கியில் விட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் படலைக்கு ஓடுவார்கள். மதுரை வண்டி அறிவிப்பதும் இல்லை, மெட்டுப் போடுவதும் இல்லை. நேற்று நின்ற வேப்பமரத்தடியில் இன்றும் நிற்கும். அந்த உறுதியை நம்பித்தான் அரைமணி நேர இடைவேளைக்காரர்கள் நடந்து வருகிறார்கள்.

மரத்தடி என்று சொன்னேன். அது அழகுக்காகச் சொன்னதில்லை. நிழல் இருக்கும் இடத்தில்தான் தயிர் சரியான நேரத்துக்கு உறையும், கூழ் குளிர்ந்திருக்கும், சாப்பிடுகிறவர் நிதானமாக மெல்லுவார். பத்துப்பாட்டில் மிக நீண்டதான, 782 அடி கொண்ட மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த ஊரின் பகல் அங்காடியைக் காட்டும்போது, தின்பண்டங்களைச் சுமந்து திரிந்து விற்பவர்கள் உயர்ந்த மாடங்களின் நிழலில் வந்து அமர்வதையும் காட்டுகிறார். மன்னன் நெடுஞ்செழியனின் பெருமை பாட வந்த பாட்டில், பண்டம் விற்கிறவர் வெயிலுக்கு ஒதுங்கியதைப் பார்க்க ஒரு புலவருக்குக் கண் இருந்திருக்கிறது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. நகரம்தோறும் குழு அமைத்து, விற்பனைக்கான இடங்களை வகுத்து, அடையாள அட்டை தரச் சொல்கிறது அது. இடம் வகுக்கிறவர்கள் வரைபடத்தில் அகலத்தையும் நீளத்தையும் அளப்பதோடு மதியம் ஒரு மணிக்கு அங்கே நிழல் விழுமா என்றும் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். சாலையை அகலப்படுத்த ஒரு புங்கமரத்தை வெட்டினால், அதோடு ஒரு சமையலும் இடம் பெயர்கிறது.

சாப்பிட்டபின் குடிப்பதற்கு மதுரையில் பஞ்சம் இல்லை. ஜிகர்தண்டாவைச் சாப்பாட்டுக்குமேல் குடிக்கச் சொல்லமாட்டேன். காய்ச்சிக் குறுக்கிய பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அது தானே ஒரு சாப்பாடு, நாலு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போய் உட்கார்ந்து குடிக்கவேண்டியது. மதியத்துக்கு நன்னாரி சர்பத் போதும், எலுமிச்சை தூக்கலாகப் பிழிந்து. பிறகு ஒரு சோழவந்தான் வெற்றிலை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இலையின் காரம் மெலிதாக ஏறி, மீன் குழம்பின் புளியை நாவிலிருந்து கழுவிவிடும்.

புளிசாதத்துக்கு வருகிறேன். மற்ற மூன்று சாதங்களும் காலத்தைத் தாங்குகின்றன. புளிசாதம் காலத்தால் ஆவது. அதன் காய்ச்சலை முதல் நாள் மாலையே செய்துவிடுகிறார்கள். பழைய புளியைக் கரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மிளகாய் வற்றலும் கடலைப்பருப்பும் பெருங்காயமும் தாளித்து, எண்ணெய் தனியே மிதக்கும்வரை சுண்டவைத்து இறக்குவார்கள். மேலே நிற்கும் அந்த எண்ணெய்தான் இரவு முழுக்கக் காய்ச்சலைக் காக்கும். விடியுமுன் சோற்றை விறைப்பாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, இன்னொரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பருக்கை தனித்தனியே ஆறும்வரை பொறுத்திருந்து காய்ச்சலைக் கலக்கவேண்டும். சூட்டில் கலந்தால் சோறு உடையும். கரண்டி கொண்டு அழுத்தினாலும் உடையும். விரல் நுனியால் கீழிருந்து மேலாகப் புரட்டவேண்டும். வறுத்துப் பொடித்த மல்லியும் வெந்தயமும் கடைசியில், ஒரு கைப்பிடிக்கும் குறைவாக. ஏழு மணிக்கு எடுத்து வாயில் போட்டால் புளி ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். பன்னிரண்டு மணிக்கு ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கும்.

ஆகவே புளிசாதத்துக்கு ஒரு மணிக்குப் போவதுகூடச் சீக்கிரம். இரண்டு மணியைத் தாண்டட்டும், கூட்டம் வடியட்டும். அப்போது அண்டாவின் அடியில் நாலைந்து கரண்டிதான் இருக்கும். மேலே இருந்த எண்ணெயும் புளியும் மெல்ல இறங்கி அங்கேதான் சேர்ந்திருக்கும். நிறம் கறுத்து, கடலைப்பருப்பும் மிளகாய் விதைகளும் அடங்கி, ஒவ்வொரு பருக்கையும் புளியில் ஊறிப் பளபளக்கும். நிறையப் பேர் அடிச்சோறு என்று வேண்டாம் என்கிறார்கள். அதனால் பாதி நாட்களில் கடைக்கார அக்கா அதைத் தன் வீட்டுக்கு எடுத்து வைத்துவிடுகிறார், அவருக்குத் தெரியும் எது நல்லதென்று. நீங்கள் கூச்சப்படாமல், “அக்கா, அடியில இருக்கிறதை வழிச்சுப் போடுங்க” என்று கேளுங்கள். உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அண்டாவைச் சாய்த்து, தட்டால் சுரண்டி எடுத்துப் போட்டு, கேட்காமலே ஒரு அப்பளத்தையும் வைப்பார்.